இரண்டு வாரம் ‘ம’

1985 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. அம்மா நாலே முக்காலுக்கு எழுந்தார். தோட்டத்து ஜெனரேட்டர் ஐந்து மணிக்குத்தான் ஓடத் தொடங்கும் என்பதால் மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றவைத்தார். அப்பா ரப்பர் மரம் சீவும் கத்தியைத் தீட்டினார். நான் எழுந்து என் வேலைகளை வரிசைப்படி செய்தேன். ஒன்று, பாயைச் சுருட்டுவது. இரண்டு, கோப்பியைப் போத்தலில் ஊற்றி இறுக்கி மூடுவது. மூன்று, தங்கையின் காதுகளில் பஞ்சு வைப்பது. நான்கு, அவள் தலையைத் துண்டால் சுற்றித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுவது. ஐந்தரைக்குப் பெரட்டு. ஆட்களை வரிசையாக நிறுத்தி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். அதற்குள் அம்மா தங்கையைக் கொண்டுபோய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால் வாளியும் அதைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்புமாக வரிசையில் போய் நிற்க வேண்டும். அன்றும் நின்றார்.

இந்தத் தேதியையும் நேரத்தையும் நான் நினைவிலிருந்து எழுதவில்லை. மூன்றாம் ஆண்டில் எங்கள் வகுப்பாசிரியர் நாள்தோறும் நான்கு வரி எழுதி வரச் சொன்னார். மற்ற பிள்ளைகள் ஒரு மாதத்தில் விட்டுவிட்டார்கள். நான் இன்றுவரை விடவில்லை. அந்த முதல் நோட்டுப் புத்தகத்துக்கு இப்போது மேலட்டை இல்லை; உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக்கும் நான்கு வரிகள் உண்டு. நான்காவது வரியைப் படிக்கும்போதெல்லாம், அதை எழுதிய ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துக் கொஞ்சம் பேச வேண்டும் போலிருக்கும். அந்த வரியைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானிலிருந்து செம்மண் சாலையில் நான்கு மைல் உள்ளே இருந்தது. வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை லயம் என்போம்; அதில் எங்கள் வீடு ஆறாவது. தங்கைக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் பாப்பா என்போம். லயத்தில் ரேடியோ என்பார்கள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. எட்டி இருக்கும் தண்ணீர்க் குழாயில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படிதான் சோறு கேட்பாள். ஆனால் நாம் கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். முன்னால் போய் நின்று சொன்னால்தான் உண்டு. நாலு வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தாள். அதற்கப்புறம் பிடிவாதம் பிடித்துக்கொண்டது என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

“திமிரு. அப்படியே அவ அப்பன்” என்பார் அம்மா.

“கூப்பிட்டா திரும்பாத வம்சம் யாருதுன்னு உங்க அண்ணன் வந்தா கேளு” என்பார் அப்பா.

இது வீட்டுக்குள் இருந்தவரை வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி, தன் வீட்டு வாசலில் வைத்துத் தங்கையிடம் ஏதோ கேட்டார். இவள் வேறு எதையோ சொன்னாள், அதுவும் உரக்க. கிராணியின் மனைவி அம்மாவிடம், “இதப் பள்ளிக்கூடத்துல போட்டு என்னா பண்ணப் போற? ஆயாகிட்டயே இருக்கட்டும். தொட்டிலாவது ஆட்டும்” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து, காலையில் துலக்கி வைத்த பானையையே மறுபடியும் துலக்கினார்.

தங்கை அடுத்த ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர வேண்டியவள். அப்பா ஒரு யோசனை சொன்னார். பாலர் பள்ளியில் இந்த வருடம் ஏதாவது பிடித்துக்கொண்டால் சேர்ப்போம்; இல்லையென்றால் ஒரு வருடம் போகட்டும், என்ன கெட்டுவிட்டது?

“எனக்கும் ஒரு வருஷம்னுதான் சொன்னாங்க” என்றார் அம்மா.

அம்மாவுக்குத் தம்பி பிறந்தபோது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஒரு வருடம் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. அப்பாவுக்கும் இது தெரியும். அதனால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து பாப்பாவுக்கு ஒரு எழுத்தாவது பிடிபடுமா என்பதுதான் எங்கள் வீட்டுக் கவலை.

பாலர் பள்ளி பிற்பகலில் நடந்தது. காலையில் ஆயாக் கொட்டகை முழுக்கத் தொட்டில்கள். ரப்பர்ப் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, இரண்டு மணிக்குத் தொட்டில் துணிகளை உத்தரத்தில் சுருட்டிக் கட்டுவார்கள். அப்புறம் அதே தரையில் பள்ளிக்கூடம். பன்னிரண்டு பிள்ளைகள். சொல்லிக்கொடுத்தவர் லோரி டிரைவரின் மூத்த மகள், பத்தொன்பது வயது. கோலா சிலாங்கூரில் ஐந்தாம் படிவம் வரை படித்து, தேர்வு சரியாக அமையாமல் வீட்டில் இருந்தவர். எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். தம்பி தங்கைகளை அழைத்துவரும் பெரிய பிள்ளைகள் சன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளலாம். நான் தவறாமல் உட்காருவேன்.

அக்கா ஒரு வாரத்துக்கு ஒரு சத்தம் என்று வைத்திருந்தார். பலகையில் எழுத்து எழுதுவது அப்புறம்தான். “மொதல்ல காதுக்கு, அப்புறம் கைக்கு” என்பார். இது லயத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் சிலேட்டில் ஏதாவது எழுதிக்கொண்டு வர வேண்டாமா?

ஜூலை முதல் தேதி ‘ம’ தொடங்கியது. “உதட்டைப் பூட்டு. மூக்குல பாடு” என்றார் அக்கா. பிள்ளைகள் இரண்டு விரலை மூக்கின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு “ம்ம்ம்” என்றார்கள். விரலுக்குக் கீழே மூக்கு நடுங்கியது. சிரிப்பு தாங்கவில்லை. இதில் தங்கைதான் முதல். அக்காவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அவர் உதடு மூடும்போதே தானும் மூடி, அவர் நிறுத்திய பிறகும் நிறுத்தாமல் பாடினாள். ஓரமாக அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயா, “தொட்டில் கயிறெல்லாம் அதிருதுடியம்மா” என்றார். திங்கள் முதல் வியாழன் வரை நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், பாப்பா பிடித்துக்கொண்டாள் என்று சொன்னேன். அம்மா நம்பிவிடாமல் இருக்க மிகவும் முயன்றார். முடியவில்லை. வியாழன் மாலை சீனி போட்டு ரொட்டி சுட்டார்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு மங்கு, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். விளிம்பு உடைந்து ஸ்டோரில் ஒதுக்கிப்போட்ட மங்குகளை அக்காவின் அப்பா லோரியில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கையில் பத்து ரப்பர் கொட்டை. அக்கா ஆயாவின் முறத்தை வாங்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். எலி கடித்து ஓரத்தில் ஒரு ஓட்டை விழுந்த பழைய முறம். முறத்துக்குப் பின்னாலிருந்து அக்கா ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வார். வார்த்தை ‘ம’ சத்தத்தில் தொடங்கினால் மங்கில் ஒரு கொட்டையைப் போட வேண்டும். இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

“மாடு” என்றது முறம். மங்குகள் கலகலத்தன. தங்கை பக்கத்துப் பையனின் கையைப் பார்த்தாள். அவன் போட்ட பிறகு போட்டாள். “மழை.” மறுபடியும் அவன் போட்ட பிறகு. அந்தப் பையன் எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் மகன், விவரமானவன். “வாளி” என்றதும் போடுவதுபோல் கையை ஓங்கி, கொட்டையை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டான். தங்கையின் மங்கு மட்டும் கணீர் என்றது.

“மண்டுக்கு ‘ம’ தெரியல” என்றான் அவன். கொட்டகையே சிரித்தது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தங்கையும் சிரித்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். அந்தப் பையனைத் திட்டவில்லை. தங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அடுத்த வாரமும் ‘ம’தான்” என்றார்.

இரண்டு வாரம் ஒரே சத்தம் என்பது லயத்தில் பெரிய பேச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் சின்னம்மா அக்காவை மடக்கினார்.

“ஒருத்திக்காகப் பன்னெண்டு புள்ளைங்களும் உதட்ட மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கணுமாக்கும்?”

“மூடிக்கிட்டு இருந்தா நல்லதுதானே சின்னம்மா” என்றார் அக்கா, வாளியைத் தூக்கிக்கொண்டே. “வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும் லா.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஒருத்தி என்றது யாரை என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், “என்னா புள்ள, புடிச்சிக்கிட்டான்னு சொன்னே?” என்றார். நான் எந்தக் கணக்கையும் தவறாக விடாத பிள்ளை. அந்தக் கேள்வி என்னை வேலையில் இறக்கியது.

திங்கட்கிழமை மாலை குளியலறைக்குப் பின்னால் தங்கையை உட்காரவைத்தேன். நாற்பது வார்த்தைகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன். ‘ம’ வார்த்தை வரும்போது நான் என் மூக்கைத் தொடுவேன்; அவள் கொட்டையைப் போட வேண்டும். நான் மூக்கைத் தொடாவிட்டால் போடக் கூடாது. அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். புதன்கிழமைக்குள் நாற்பதுக்கு நாற்பது. வார்த்தையை நான் வாய்க்குள்ளேயே சொன்னாலும் சரியாகப் போட்டாள். மந்தமான பிள்ளை இப்படிக் கற்றுக்கொள்ளுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றியது.

அப்படியாக ஜூலை 12. இரண்டு மணிக்குச் சன்னலோரத்தில், தங்கைக்கு நேர் எதிராக இடம் பிடித்து உட்கார்ந்தேன். அக்கா முறத்தைத் தூக்கினார்.

“மீன்.” மூக்கைத் தொட்டேன். கொட்டை விழுந்தது. “கத்தி.” கை கட்டியபடி இருந்தாள். “மண்டோர்.” விழுந்தது. “நாய்.” “லோரி.” “மயில்.” பத்து வார்த்தைகளுக்குள் பக்கத்துப் பையன் இரண்டு தப்புச் செய்தான்; தங்கை ஒன்றுகூடச் செய்யவில்லை. அவன் அவளைப் பார்த்துப் போடத் தொடங்கினான். நான் மனதுக்குள் அம்மாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.



“இப்ப எல்லாரும் சுவத்தப் பாத்துத் திரும்புங்க” என்றது முறம்.

பிள்ளைகள் மங்குகளைத் தூக்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். என் மூக்கு பயனில்லாமல் போயிற்று. இதற்கு நான் ஏற்பாடு செய்திருக்கவில்லை. “மரம்” என்றார் அக்கா. எல்லா மங்குகளும் கலகலத்தன, தங்கையுடையதைத் தவிர. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த ‘ம’வுக்கு இருமினேன். அவள் திரும்பவில்லை. அதற்கடுத்ததற்கு இன்னும் பலமாக இருமினேன்.

“அக்கா, அந்த அக்காவுக்குத் தண்ணி குடுங்க” என்றான் சின்னம்மா மகன்.

தங்கை சுவரைப் பார்த்தபடி, கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, காத்துக்கொண்டிருந்தாள். கழுத்தை நீட்டி, தோளைக் குறுக்கி, மிகவும் பொறுப்பாகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகை நான் மறக்கவில்லை.

அக்கா முறத்தை ஆயாவிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தங்கைக்குப் பின்னால் போய் நின்றார். “பாப்பா” என்றார், மெதுவாக. “பாப்பா” என்றார், இன்னும் கொஞ்சம் உரக்க. பிள்ளைகள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. அக்கா அவள் தலைக்கு மேலே கையைத் தட்டினார். அப்போதுதான் திரும்பி, அக்காவைப் பார்த்துச் சிரித்து, மங்கில் ஒரு கொட்டையைப் போட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. சின்னம்மா மகன்கூட.

அக்கா அவளைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து, தலையைச் சாய்த்து, காதைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். மறுபக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம், “ஓடிப் போயி உங்கம்மாவ டிரசர் ரூமுக்கு வரச் சொல்லு. அழுதுகிட்டுப் போவாத, பயந்துடுவாங்க” என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

டிரசர் தோட்டத்துக்கு மருந்து கொடுப்பவர். தடித்த கண்ணாடி, வெள்ளைக் கால்சட்டை. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் திட்டிவிட்டுத்தான் மருந்து எடுப்பார். நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது தங்கை மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், தோளில் துண்டு போட்டு, முடி வெட்டிக்கொள்ள வந்தவள்போல. டிரசர் டார்ச் விளக்கை அடித்துக் காதுக்குள் பார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீரை ஊசியில்லாத பெரிய பீச்சுக்குழலால் பீய்ச்சினார். இடுக்கியை உள்ளே விட்டு மெல்ல இழுத்தார். வலது காதிலிருந்து பழுப்பாக ஏதோ ஒன்று வந்தது. தட்டில் போட்டார். இன்னொன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. இடது காதிலிருந்து இரண்டு. ஐந்தும் தட்டில் ஈரமாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் வேர்க்கடலைப் பருப்பில் பாதி அளவு.

அந்த அளவு எனக்குத் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் இருட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் எல்லாத் தாய்மார்களும் காதில் பஞ்சு வைப்பார்கள். பனிக்காற்று காது வழியாக இறங்கிச் சளி பிடிக்கும் என்பதற்காக. அம்மா வைத்த காலத்தில் பாதிப் பஞ்சு வெளியே வெள்ளை மீசைபோல் துருத்திக்கொண்டிருக்கும். வெயில் ஏறியதும் ஆயா அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார். எனக்கு ஏழு வயதானபோது அந்த வேலை என்னிடம் வந்தது. எனக்குத் துருத்திக்கொண்டிருப்பது பிடிக்காது. கிழிந்த தலையணையிலிருந்து இலவம் பஞ்சை எடுத்து ஒரு பால்மாவு டின்னில் சேர்த்து வைத்தேன். தினமும் இரண்டு உருண்டை, ஒரே அளவில், தேங்காயெண்ணெயில் லேசாகத் தொட்டு, சுண்டுவிரலால் உள்ளே தள்ளி, வெளியே தெரியாமல், சுத்தமாக வைப்பேன். வெளியே தெரியாததை ஆயா எப்படி எடுப்பார்? பெரும்பாலும் தங்கையே நோண்டி எறிந்திருப்பாள். சிலது தங்கிவிட்டிருக்கின்றன. அதன் மேல் நான் அடுத்ததை வைத்திருக்கிறேன்.

“ஏம்மா, இத வச்சு ஒரு தலகாணி தைக்கலாம் போலிருக்கே” என்றார் டிரசர். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். குரல் மாறியது. “இது வேடிக்கை இல்ல. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா உள்ள சீழ் வச்சிருக்கும். யாரு வச்சது இவ்ளோ ஆழமா?”

 நான் வாயைத் திறந்தேன். என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் சரியான பதில் சொல்வது என் வழக்கம். அதற்குள் கதவோரம் நின்ற அக்கா என் தோளைப் பிடித்து, “அந்தத் தட்டை ஆடாம புடிச்சுக்க” என்று என் கையில் கொடுத்தார்.

“நாந்தான் வச்சேன்” என்றார் அம்மா.

டிரசர் அம்மாவைத் திட்டினார். மூன்று நிமிடமாவது திட்டியிருப்பார். படித்தவர்கள் சொன்னால் கேட்பதில்லை, பிள்ளை வளர்ப்பது பால்மரம் வெட்டுவது மாதிரி இல்லை, பெற்றவளுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன என்றெல்லாம். அம்மா கையைக் கட்டிக்கொண்டு, பெரட்டில் நிற்பதுபோல் நின்று, “சரிங்கய்யா, இனிமே பாத்துக்கறேங்கய்யா” என்றார். நான் தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே குழப்பம்.

வலது காது நன்றாகத் திறந்துவிட்டது. இடது காதுக்கு ஒரு வாரம் சொட்டு மருந்து என்றார் டிரசர். அக்கா தங்கைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். உதட்டை மூடிக்கொண்டு “ம்ம்” என்றார், தொட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கும் அளவுக்கு மெல்லிய குரலில். தங்கை சட்டென்று வலப்பக்கம் திரும்பினாள். அக்காவைப் பார்த்தாள். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நடந்ததைக் கேட்டார். “அப்ப ரெண்டு வருஷமா நான் கத்துனதெல்லாம் பஞ்சுக்குத்தானா?” என்றார். சிறிது நேரம் கழித்து, “தலகாணி நாளுக்கு நாள் எளைச்சிக்கிட்டே போவுதேன்னு நானும்தான் பாத்தேன்” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு வருடம் போகட்டும் என்ற பேச்சை எங்கள் வீட்டில் அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஜனவரியில் தங்கை முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். இப்போது ரவாங்கில் ஒரு ஆபீசில் வேலை செய்கிறாள். இன்றும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவாள், பழகிவிட்டது.

அக்கா கல்யாணமாகிக் கோலா குபு பாருவுக்குப் போய்விட்டார். பல வருடங்கள் கழித்துப் புக்கிட் ரோத்தானில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். அன்று திடீரென்று எல்லாரையும் ஏன் சுவர்ப்பக்கம் திரும்பச் சொன்னார்?

“திடீர்னு ஒண்ணும் இல்ல. மொதல் வெள்ளிக்கெழமையே தெரியும், அவ வார்த்தைக்குப் போடல, கைக்குப் போடறான்னு. கேக்கலியா, வெளங்கலியான்னுதான் புரியல. அதப் பாக்கத்தான் இன்னொரு வாரம் வச்சேன்” என்றார். பிறகு சிரித்தார். “நீ மூக்கத் தொட்டது முறத்து ஓட்டையில நல்லாத் தெரிஞ்சிச்சு.”

“அப்ப ஏன் என்னைத் திட்டல?”

“திட்டி? வெளிய சொன்னா உங்கம்மாவுக்குத்தானே அசிங்கம். சோத்தத் தின்னு.”

பன்னிரண்டு பிள்ளைகளை ஒருத்திக்காக இரண்டு வாரம் ஒரே சத்தத்தில் நிறுத்தியவர், அதற்காகக் குழாயடியில் பேச்சு வாங்கியவர், காரணத்தை அன்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று கொட்டகையில் ‘ம’ சொல்லிக்கொடுத்ததாக மட்டும்தான் அவர் கணக்கு. எங்கள் வீட்டில் அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதாக என் குறிப்புகளில் எங்கும் இல்லை. அந்தப் பந்தியில் நான் சொன்னேன். அவர் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ என்னவோ.

இனி அந்த நான்கு வரிகள். ஒன்று: இன்று காலை மழை இல்லை. இரண்டு: கணக்கில் பத்துக்கு ஒன்பது. மூன்று: டிரசர் பாப்பாவின் காதிலிருந்து ஐந்து பஞ்சு எடுத்தார், வலதில் மூன்று, இடதில் இரண்டு. நான்கு: பஞ்சு வைத்தது யார் என்று டிரசர் கேட்டதற்கு அம்மா தவறாகச் சொல்லிவிட்டார்.

‘தவறாக’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். அளவுகோல் வைத்துப் போட்ட கோடு.

மறுநாள், ஜூலை 13, சனிக்கிழமை. நாலே முக்காலுக்கு விழித்தேன். பாயைச் சுருட்டினேன். கோப்பியை ஊற்றினேன். பழக்கத்தில் அலமாரிக்குக் கையை நீட்டினேன். பால்மாவு டின் அங்கே இல்லை. அம்மா விளக்கடியில் உட்கார்ந்து, டின்னிலிருந்த பஞ்சையெல்லாம் அப்பாவின் தலையணைக்குள் திணித்து, கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் அவர் கிளம்பியாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு தையலாக, நெருக்கி நெருக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

சுவரில் பல்லி சொல்லியது.

தங்கை பாயில் எழுந்து உட்கார்ந்தாள். “யாரு நாக்கச் சொடுக்கறது?” என்றாள், லயம் முழுக்கக் கேட்கும்படி.

அம்மாவின் ஊசி நின்றது. “பல்லிம்மா” என்றார். அப்படி ஒரு மெல்லிய குரல் அம்மாவிடம் இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது.

“எங்க?” என்றாள் தங்கை.

அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரமாகிக்கொண்டிருந்தது. முந்தைய நாளிலிருந்து சரிசெய்யாமல் கிடந்த ஒன்றைச் சரிசெய்துவிடலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

“அம்மா, டிரசர்கிட்ட நீங்க தப்பாச் சொல்லிட்டீங்க. பஞ்சு வைக்கிறது நாந்தானே. பள்ளிக்கூடம் இல்ல இன்னிக்கி. நான் போயி சரியா சொல்லிட்டு வந்துறட்டா?”

அம்மா தலையணையைத் திருப்பி, கடைசித் தையலில் முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார்.

“போயிப் பல்லு வெளக்கு” என்றார்.

நான் போய்ப் பல் விளக்கினேன்.